எலிசேயோ பார்க்காத பலகை

எலிசேயோ பொன்ஃபாத்தி பந்தயக் கார் ஓட்டிய காலம் முழுவதிலும் ஒரே ஒரு முறைதான் முதலாவதாக வந்தான். அந்த வெற்றியைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் பேசுவதில்லை. அவன் எதிரில் இல்லாதபோதுகூடப் பேசுவதில்லை. ரெஜ்ஜோ பக்கத்து ஜனங்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கிறவர்கள் அல்ல. அடுத்த வீட்டுப் பன்றிக்கு இருமல் வந்தால்கூட ஒரு வாரம் அதையே பேசுவார்கள். அப்படிப்பட்டவர்களே வாயைத் திறக்கவில்லை என்றால் விஷயம் எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அவன் அப்பா கதிரடிக்கும் இயந்திரம் ஓட்டியவர். கோடை முழுக்கப் பண்ணை பண்ணையாக அந்த நீராவிப் பூதத்தை இழுத்துக்கொண்டு போவார், மகனையும் கூட்டிக்கொண்டு. அப்பாவும் அம்மாவும் போர்க்காலத்தில் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். மிச்சமிருந்தது அவனும், தங்கை நெரீனாவும், க்ரொஸ்தொலோ ஆற்றோரம் இரண்டு அறை வீடும், அம்மாவின் தையல் மிஷினும். நெரீனா தைத்தாள். எலிசேயோ பிரந்தோலியின் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தான்.

பிரந்தோலி போரின்போது லாரி ரிப்பேர் செய்து நாலு காசு பார்த்தவர். போர் முடிந்ததும் அந்தப் பணத்தையெல்லாம் பந்தயக் காரில் கொட்டினார். தன் பெயர் பொறித்த கார் முதலாவதாக வருவதைப் பார்க்காமல் கண்ணை மூடமாட்டேன் என்று ஊரறியச் சொல்லிக்கொண்டு திரிந்தார். புதிதாகச் செய்த காரை முதலில் ஓட்டிப் பார்ப்பது எலிசேயோவின் வேலை. மூடுபனியில் எதிரே வரும் பால் வண்டி மூக்கை இடிக்கும் வரை தெரியாத எங்கள் சாலைகளில், அவன் கொண்டுபோன காரைக் கொண்டுபோன மாதிரியே திருப்பிக்கொண்டு வருவான். எங்கே என்ன சத்தம், எந்தச் சக்கரம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று சொல்லுவான். பட்டறையின் மூத்த மெக்கானிக் ஃபோஸ்கோவுக்கு அதனாலேயே அவனைப் பிடிக்கும்.

"இவன் காரை ஓட்டல. தூங்குற குழந்தையத் தூக்கிட்டுப் போயி, எழுப்பாம திருப்பிக் கொண்டாந்து படுக்க வெக்கிறான்" என்பான் ஃபோஸ்கோ.

அதுவே அவனுக்கு வினையாகவும் முடிந்தது. காரை நோகடிக்காமல் ஓட்டுகிறவனுக்கு எப்போதும் இரண்டாம் ஓட்டுநர் இடம்தான் கொடுப்பார்கள். முதல் இடத்துக்குப் பார்மாவிலிருந்து ஒருவனைக் கூட்டி வந்தார் பிரந்தோலி. பெயர் கொராதோ வெஸ்கோவி. பார்மாக்காரனை நம்பாதே என்று சொல்லிச் சொல்லித்தான் எங்கள் ஊரில் பிள்ளை வளர்ப்பார்கள். ஆனால் கொராதோவை யாராலும் வெறுக்க முடியவில்லை. வந்த முதல் நாளே மெக்கானிக்குகளோடு தரையில் உட்கார்ந்து சீஸும் ரொட்டியும் தின்றான், பாட்டுப் பாடினான், கெட்ட வார்த்தை பேசினால்கூட அது அவன் வாயில் கொஞ்சல் மாதிரி இருந்தது. காரில் ஏறினால் மட்டும் வேறு ஆள். பிசாசு மாதிரி ஓட்டுவான். பாதிப் பந்தயத்தில் கியரை உடைப்பான், இல்லை அச்சை முறிப்பான்.

அப்படி உடைத்தால் என்ன செய்வது? அதற்குத்தான் எலிசேயோ. அந்தக் காலத்துப் பந்தயத்தில் அது ஒரு வழக்கம், எல்லாக் கம்பெனியிலும் உண்டு. முதலாமவனின் கார் படுத்துவிட்டால் இரண்டாமவனைக் கூப்பிட்டு, அவன் காரை வாங்கி முதலாமவனிடம் கொடுப்பார்கள். பாதையோரம் எங்கள் ஆட்கள் நிற்கும் கொட்டகையிலிருந்து ஃபோஸ்கோ ஒரு சிவப்புப் பலகையைத் தூக்கிக் காட்டுவான். பார்த்தவன் தலைக்கவசத்தைக் கையால் ஒரு தட்டுத் தட்டி, பார்த்துவிட்டேன் என்று காட்ட வேண்டும். அடுத்த சுற்றில் உள்ளே வந்து இறங்கிவிட வேண்டும். இறங்கும்போது ஏறுகிறவன் காதில் காரின் சங்கதியைச் சொல்ல வேண்டும்: "மூணாவது கியரு நழுவுது. பிரேக்க அழுத்துனா எடது பக்கம் இழுக்கும்." அவ்வளவுதான் பேச்சு. பிறகு முதலாமவன் பறந்துவிடுவான். இரண்டாமவன் புழுதி படிந்த முகத்தோடு, ஒரு டயர் மேல் உட்கார்ந்து, தன் கார் இன்னொருத்தனோடு போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

எலிசேயோ பல முறை அப்படி உட்கார்ந்திருக்கிறான். கோபப்பட்டதில்லை. பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அப்போதைக்கப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தித் தீர்த்திருந்தால் கடைசியில் அவ்வளவு சேர்ந்திருக்காது.

எங்கள் ஊர்க் காப்பிக்கடையில் அவனுக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள்: பாதிரியார். குளிர் காலத்தில் படுக்கைக்குள் கணப்புச் சட்டியைத் தொங்கவிட்டுச் சூடேற்ற ஒரு மரச்சட்டம் உண்டு, எல்லார் வீட்டிலும் கிடக்கும். அதற்கு எங்கள் பக்கத்தில் பாதிரியார் என்றுதான் பெயர். மெத்தையைச் சூடாக்கி வைத்துவிட்டு, வீட்டுக்காரன் வந்ததும் வெளியே போய் மூலையில் நிற்கும்.

"வாங்க பாதிரியாரே! கார் சீட்டு இன்னைக்கு நல்லா சூடாச்சா?" என்பார்கள்.

"உன் பொண்டாட்டிகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்பான் எலிசேயோ. எல்லாரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான், எல்லாரையும் விடக் கொஞ்சம் அதிக நேரம்.

கொராதோவை வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டி வந்தவனும் எலிசேயோதான். நெரீனா பூசணிக்காய் வைத்து மாவுப் பொட்டலம் செய்து வெண்ணெயும் சீஸும் போட்டுப் பரிமாறினாள். பார்மாக்காரன் மூன்று தட்டுச் சாப்பிட்டுவிட்டு, தன் அம்மா செய்வதைவிட நன்றாக இருக்கிறது என்றான். மூன்று தட்டுச் சாப்பாட்டுக்குப் பெற்ற தாயையே விற்றுவிட்டானே என்று எலிசேயோ கேலி செய்தான். நெரீனா கேலி செய்யவில்லை. அடுத்த பந்தயத்துக்கு அவளும் வந்தாள். ஓட்டுநர்களின் உடுப்பைத் தைப்பவள் அவள்தான். அந்தச் சாக்கில் வந்தாள். தையல்காரிக்குக் கண்ணும் விரலும் ஒன்றாக வேலை செய்யும் என்று பார்த்து, பிரந்தோலி அவள் கையில் ஸ்டாப் வாட்சைக் கொடுத்தார். அதிலிருந்து கொட்டகையில் நேரம் பார்ப்பது அவள் பொறுப்பு. அடுத்த வசந்தத்தில் கல்யாணம்.

கல்யாண விருந்தில் எல்லாரும் லம்ப்ரூஸ்கோ ஒயின் குடித்துவிட்டு முற்றத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். நெரீனா அண்ணனைத் தனியே அத்திமரத்தடிக்கு இழுத்துப் போனாள்.

"அண்ணா, அவரு காரை எப்படி ஓட்டுவாருன்னு உனக்குத் தெரியும்."

"தெரியாம என்ன. நாந்தானே அழுதுக்கிட்டு பாக்குறேன்."

"வெளையாடாத. ஒடைஞ்ச கார்ல, பிரேக் போன கார்ல ஏறிட்டு, பரவால்ல பரவால்லன்னு போயிடுவாரு. உன் கார்னா எனக்குப் பயமில்ல. உன் கார்ல எதுவும் கெட்டிருக்காது. உன் காரு எப்பவும் அவருக்கு இருக்கும்னு சொல்லு."

"இப்பவும் அதானே நடக்குது?"

"நீ உன் வாயால சொல்லு."

சொன்னான். அவள் அவன் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டு ஆடப் போனாள். அவளுக்கு அது ஒரு தைரியம். எலிசேயோவுக்கோ, தன் வாழ்நாள் முழுக்க இனி அந்த டயர் மேல்தான் என்று யாரோ முத்திரை குத்தியது மாதிரி இருந்தது. அதைத் தங்கையிடம் சொல்ல முடியுமா?

ரொக்காமாராப் பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்னால் எங்கள் ஊர்க் கோயில் திருவிழா. காப்பிக்கடை வாசலில் ஒரு கூட்டம். எலிசேயோ கிட்டே போய்ப் பார்த்தான். ஒரு பழைய மரச்சட்டம், நிஜமான பாதிரியார், அதன்மேல் அவன் கார் எண்ணை எழுதித் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தார்கள். கீழே கணப்புச் சட்டி. சட்டியில் பூ வைத்திருந்தார்கள். ஊரே சிரித்தது. கொராதோவும் அங்கே இருந்தான். கண்ணில் நீர் வரச் சிரித்தான். கெட்ட எண்ணம் இல்லை, அவன் எதற்கும் அப்படித்தான் சிரிப்பான். எலிசேயோ அந்தச் சட்டத்தின் முன்னால் நின்று வணங்கிச் சிலுவைக் குறி போட்டான். இன்னும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து, காரணமே இல்லாமல், கிணற்றடியில் இருந்த வாளியை எட்டி உதைத்து நசுக்கினான்.

ரொக்காமாரா கடற்கரை ஊர். பந்தயம் என்றால் தனிப் பாதையெல்லாம் கிடையாது, ஊர்ச் சாலைதான். துறைமுகத்தில் தொடங்கி, மலைமேல் ஏறி, திராட்சைத் தோட்டங்களைச் சுற்றிக்கொண்டு, மீன்காரர்களின் ஐஸ் கிடங்குப் பக்கமாகச் செங்குத்தாக இறங்கி வரும். பிரந்தோலி மூன்று கார் கொண்டுபோயிருந்தார். மூன்றாவதை ஓட்டியவன் துல்லியோ, சீஸ் வியாபாரி ஒருத்தரின் மருமகன். ஓட்டத் தெரியாதவன் என்று சொல்ல முடியாது. பயந்தவன். பயந்தவன் பிரேக்கிலேயே காலை வைத்திருப்பான்.

புறப்படும் முன் கொராதோ வந்து எலிசேயோவின் தோளில் கை போட்டான்.

"மச்சான், நம்ம பாதிரியார் வேலைய மறந்துடாத. இன்னைக்கும் நல்லா சூடு பண்ணி வை."

"ஆகட்டும் மாப்பிள்ளை."

அன்றைக்கு எலிசேயோவின் கார் பாடியது. வேறு எப்படிச் சொல்ல? ஓட்டுகிறவனுக்கு வாழ்க்கையில் ஓரிரு நாள் அப்படி வாய்க்கும். நினைத்த இடத்தில் கார் நிற்கும், நினைக்கும் முன்னே திரும்பும். வெளியூர்க் கம்பெனிக் கார்கள் ஒவ்வொன்றாகப் பின்தங்கின. மலை உச்சியில் புகை கக்கிக்கொண்டு ஒரு பிரந்தோலி கார் ஓரமாக நின்றது. பக்கத்தில் கொராதோ, தலைக்கவசத்தைத் தரையில் அடித்துக்கொண்டு. எலிசேயோ அவனைக் கடந்தபோதுதான் தெரிந்தது, இப்போது முதலில் போவது தான்தான் என்று.

இரண்டு சுற்றுக் கழித்துப் பலகை வந்தது. ஃபோஸ்கோ அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தான். பக்கத்தில், யாரோ ஒருவரின் மோட்டார் சைக்கிளில் மலையிலிருந்து வந்து சேர்ந்திருந்த கொராதோ, கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தான். எலிசேயோவின் வலது கை ஸ்டியரிங்கை விட்டு மேலே எழுந்தது, பழக்க தோஷம். பாதி வழியில் அதை நிறுத்தி, புழுதிக்காகக் கண்ணில் மாட்டியிருந்த கண்ணாடியைத் துடைத்தான். தலைக்கவசத்தைத் தொடவில்லை. கடந்து போனான்.

அடுத்த சுற்றில் ஃபோஸ்கோ பாதையின் விளிம்புக்கே வந்து பலகையை ஆட்டினான். எலிசேயோ எண்ணெய் அழுத்தம் காட்டும் முள்ளைக் குனிந்து பார்த்தான். முள் நன்றாகத்தான் இருந்தது.

அதற்கடுத்த சுற்றில் பலகை நெரீனாவின் கையில் இருந்தது. நீலச் சட்டை போட்டிருந்தாள். ஸ்டாப் வாட்ச் கழுத்தில் தொங்க, இரண்டு கையாலும் பலகையை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள். ஆட்டவில்லை, கத்தவில்லை. அண்ணன் பார்ப்பான் என்று நம்பி நிற்கிறவளின் நிற்பு அது. எலிசேயோ பலகையைப் பார்த்தான். அவள் முகத்தையும் பார்த்தான். அத்திமரத்தடியில் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. தலைகீழாகத் தொங்கிய மரச்சட்டமும் நினைவுக்கு வந்தது. இன்னைக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே காலை அழுத்தினான்.

பிறகு பலகை வரவில்லை. விட்டுவிட்டார்கள் என்று நினைத்தான். அட, விட்டுவிட்டார்களே! அவனுக்குச் சிரிப்பு வந்தது. பிறந்ததிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக அவன் இருந்ததில்லை. அதை நான் மறைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை. அவன் சந்தோஷமாகத்தான் இருந்தான்.

கடைசிக்கு முந்திய சுற்றில், ஐஸ் கிடங்கு இறக்கத்தில் மஞ்சள் கொடி ஆடியது. வேகத்தைக் குறைத்தான். கிடங்கின் சுவரில் ஒரு சிவப்புக் கார் மோதிச் சுருண்டு கிடந்தது. ஒரு சக்கரம் மட்டும் தனியே உருண்டு மீன் கூடைகளுக்கு நடுவில் நின்றிருந்தது. காரின் எண் துல்லியோவுடையது. அடக் கடவுளே, பாவம் அந்த மனுஷன், பயந்து பயந்து ஓட்டினானே என்று நினைத்துக்கொண்டான். ஆட்கள் ஓடினார்கள். அவன் போய்விட்டான். போகத்தான் வேண்டும், அதுதான் பந்தயம்.

கோடு தாண்டியபோது கட்டம் போட்ட கொடி அசைந்தது. கை தட்டல் இருந்தது. ஆனால் ஒழுங்காக இல்லை, அங்கொன்று இங்கொன்று. கொட்டகைக்கு முன்னால் காரை நிறுத்தினான். யாரும் ஓடி வரவில்லை. ஃபோஸ்கோ முதுகைக் காட்டிக்கொண்டு, துடைத்த ஸ்பானரையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தான். பிரந்தோலி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், தொப்பி மடியில். வாழ்நாளெல்லாம் காத்திருந்த வெற்றி வந்திருக்கிறது, மனிதர் எழுந்திருக்கவில்லை.

"துல்லியோ எப்படி இருக்கான்? உசுரு இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே எலிசேயோ இறங்கினான்.

அப்போதுதான் பார்த்தான். கொட்டகையின் மூலையில், ஒரு டயர் மேல், புழுதி படிந்த முகத்தோடு துல்லியோ உட்கார்ந்திருந்தான். எலிசேயோ வழக்கமாக உட்காரும் இடத்தில்.

"என்னைக் கூப்பிட்டாங்க" என்றான் துல்லியோ. "நீ வரலைன்னு என்னைக் கூப்பிட்டாங்க. நான் எறங்கிக் குடுத்துட்டேன். பிரேக்கு தேஞ்சு போச்சு, பாத்துப் போங்கன்னு சொன்னேன். சொன்னேன் எலிசேயோ. அவரு பரவால்லன்னாரு."

நெரீனா அங்கே இல்லை. ஐஸ் கிடங்குக்கு ஓடியிருந்தாள்.

கொராதோவைப் பார்மாவில் அடக்கம் செய்தார்கள். மூன்றாம் நாள் நெரீனா பழைய வீட்டுக்கே திரும்பி வந்தாள். சமையலறையில் அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்தாள். சூப் ஆறிக்கொண்டிருந்தது.

"ஒரு தடவைதான் கேப்பேன். பலகையப் பாத்தியாண்ணா?"

அவன் உண்மையைச் சொல்வதற்குத்தான் வாயைத் திறந்தான். மூன்று நாளாகத் தூங்காமல் அந்தப் பதிலைத்தான் தயார் செய்து வைத்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் வேறு வந்தது.

"இல்லம்மா. ஒரே புழுதி. வெயிலு வேற கண்ணுல அடிச்சுது."

"கடைசியா நாந்தான் புடிச்சுக்கிட்டு நின்னேன்."

"தெரியலம்மா. ஒண்ணுமே தெரியல."

அவள் அவன் கண்ணைப் பார்த்தாள். பிறகு, "சரி. சூப்பக் குடி" என்றாள்.

அன்றிலிருந்து நெரீனா ஊர் முழுக்கச் சண்டை போட்டாள். ரொட்டிக் கடையில் யாரோ ஒருத்தி முணுமுணுத்தாளாம், நெரீனா ரொட்டியைத் திரும்ப மேசையில் வைத்துவிட்டு, "எங்கண்ணன் பாத்திருந்தா குடுத்திருப்பான். அவனுக்குக் கண்ணு சரியில்ல. தூரத்துல இருக்கறது தெரியாது. உனக்கென்ன தெரியும்?" என்று கேட்டாள். பிரந்தோலியின் முகத்துக்கு நேராகவும் அதையே சொன்னாள். ஃபோஸ்கோவிடமும் சொன்னாள். ஃபோஸ்கோ, மூடுபனியில் எலிசேயோ கார் ஓட்டியதைப் பக்கத்து இருக்கையிலிருந்து பார்த்தவன், தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாம்மா, இருக்கும்" என்றான்.

சொன்னதோடு விடவில்லை. அண்ணனை நகரத்துக்குக் கண் டாக்டரிடம் கூட்டிப் போனாள். டாக்டர் சுவரில் எழுத்துப் பலகை ஒன்றை மாட்டினார். நெரீனா பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், பையை மடியில் வைத்துக்கொண்டு.

கடைசி வரி வரை எல்லா எழுத்தும் எலிசேயோவுக்குத் தெரிந்தது. அதற்கும் கீழே பொடியாக இருந்த அச்சகத்தின் பெயர்கூடத் தெரிந்தது. முதல் வரியைச் சரியாகப் படித்தான். இரண்டாவது வரியில் தடுமாறினான். மூன்றாவதில் வாய்க்கு வந்ததைச் சொன்னான். டாக்டர் கண்ணாடிச் சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டார். எந்தச் சில்லில் எழுத்து நன்றாகக் கலங்கியதோ, அதைப் போட்டபோது, "இப்ப தெரியுது" என்றான்.

"இத்தனை நாள் இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டா ரேஸ் ஓட்டுனீங்க?" என்றார் டாக்டர். "உங்களால யாரும் சாகலையேன்னு சந்தோஷப்படுங்க."

பின்னால் நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டது.

இப்படி முடிந்தது எலிசேயோ பொன்ஃபாத்தியின் பந்தய வாழ்க்கை. அந்தக் கண்ணுக்கு யாரும் பந்தய உரிமம் தரமாட்டார்கள். லாரி ஓட்டக்கூடக் கொடுக்கவில்லை. சீஸ் கிடங்கில் வேலை கிடைத்தது. அலமாரி அலமாரியாக அடுக்கிய சீஸ் வட்டங்களைத் திருப்பிப் போடுவது, தூசி தட்டுவது, மறுபடி திருப்பிப் போடுவது. தடித்த கண்ணாடி மூக்கில் அழுத்த, உலகம் முழுக்க எப்போதும் சோப்புத் தண்ணீருக்குள் கிடப்பது போல இருக்கும். மாலையில் தலை வெடிக்கும். தனியே இருக்கும்போது கழற்றுவானா என்றால், மாட்டான். யாராவது பார்த்துவிட்டால்? யாராவது என்றால் ஒரே ஒரு ஆள்தான்.

காப்பிக்கடையில் அவனைப் பாதிரியார் என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். அவன் உள்ளே நுழைந்தால் சீட்டாட்டம் கொஞ்சம் மெதுவாகும், பிறகு மறுபடி வேகம் பிடிக்கும். ஒரு நாள் அவனே வலியப் போய், "என்னப்பா, பாதிரியாருக்கு ஒரு கிளாஸ் ஊத்த மாட்டீங்களா?" என்று கேட்டுப் பார்த்தான். ஊற்றினார்கள். யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பட்டப்பெயரைக் கேட்டு எத்தனை இரவு பல்லைக் கடித்திருப்பான். இப்போது யாராவது ஒருவன் அதைச் சொல்லிக் கேலி செய்ய மாட்டானா என்று ஏங்கினான்.

ரொக்காமாராவில் கொடுத்த வெள்ளிக் கோப்பை ஒன்று வீட்டில் கிடந்தது. ஃபோஸ்கோ சாக்கில் சுற்றி வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தான். பாத்திரம் எதற்குச் சும்மா கிடக்க வேண்டும் என்று நெரீனா அதில் பொத்தான்களைப் போட்டு வைத்தாள். மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்கள் இருந்தார்கள். "எங்கண்ணனுக்குக் கண்ணு தெரியாது. யாரு பாத்துக்குவா?" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

வருஷங்கள் போயின. பிரந்தோலி பட்டறையை மூடினார். கொஞ்ச நாளில் அவரும் போனார். தையலில் சம்பாதித்து நெரீனா ஒரு சின்னக் கார் வாங்கினாள். அவள்தான் ஓட்டினாள். மோசமாக ஓட்டினாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்மாவுக்குக் கல்லறைக்குப் போவாள். ஒரு நவம்பர் மாதம், பனி அடைத்துக் கிடந்த சாலையில், மூக்குக் கண்ணாடியின் மேல் விளிம்புக்கு மேலாக எலிசேயோ ஒரு டிராக்டரைப் பார்த்தான். விளக்கில்லாமல் குறுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. வெகு தூரம். நெரீனாவுக்குத் தெரியவில்லை. சொல்லலாம். சொன்னால், இந்தப் பனியில் உனக்கு எப்படித் தெரிந்தது என்று ஆகிவிடும். அவன் கால் மட்டும் தரையை, இல்லாத பிரேக்கை, பலம் கொண்ட மட்டும் அழுத்தியது. கடைசி நொடியில் அவளே பார்த்து மிதித்தாள். கார் வழுக்கிப் பள்ளத்தின் ஓரத்தில் நின்றது.

"பயந்துட்டியாண்ணா?" என்றாள் மூச்சு வாங்க.

"என்னாச்சு? ஏன் நிறுத்துன?" என்றான்.

அவள் அவன் காலைப் பார்த்தாள். இன்னும் அழுத்திக்கொண்டுதான் இருந்தது. அவள் வண்டியைக் கிளப்பினாள். இந்தப் பொய்க்கு ஒருத்தன் போதவில்லையா, இவளையும் கொடுக்கப் பார்த்தேனே என்று வழி நெடுக நினைத்தான். இதற்குமேல் தாங்காது, சொல்லிவிட வேண்டும் என்று அன்றைக்குத் தீர்மானித்தான்.

தீர்மானித்தவன் மறு ஞாயிறு வரை சொல்லவில்லை. சொல்வதை எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

அந்த ஞாயிறு மதியம், சாப்பிட்டு முடித்து, நெரீனா ஜன்னலோரம் உட்கார்ந்து அவன் கோட்டுக்குப் பொத்தான் தைக்க ஆரம்பித்தாள். வெள்ளிக் கோப்பையைக் கவிழ்த்து ஒரு கறுப்புப் பொத்தானைத் தேடி எடுத்தாள். ஊசியில் நூல் கோர்க்கப் பார்த்தாள். அவளுக்கும் வயதாகிவிட்டது, கண் நிஜமாகவே மங்க ஆரம்பித்திருந்தது. நூல் நுனியை நாக்கில் நனைத்தாள். தவறியது. மறுபடி நனைத்தாள். மறுபடி தவறியது. எதிரே உட்கார்ந்து எலிசேயோ பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். எட்டி அவள் கையிலிருந்து ஊசியையும் நூலையும் வாங்கினான். வெளிச்சத்துக்குக்கூடத் திரும்பவில்லை. ஒரே தடவையில் கோர்த்து, அவளிடம் நீட்டினான்.



நெரீனா ஊசியை வாங்கினாள். ஊசியைப் பார்த்தாள். மேசைமேல் இருந்த கண்ணாடியைப் பார்த்தாள். கடைசியாக அண்ணனின் வெறும் கண்ணைப் பார்த்தாள். அத்தனை வருஷத்தில் அதை அவள் பார்த்ததே இல்லை.

"நெரீனா," என்றான். "அன்னைக்கு நான்..."

"எனக்கு இருக்கறது ஒரே ஒரு அண்ணன்," என்றாள் அவள். குரல் உயரவில்லை. "அவனுக்குக் கண்ணு தெரியாது."

கோர்த்திருந்த நூலை விரலால் பிடித்து, மெதுவாக, ஊசிக் காதிலிருந்து வெளியே இழுத்தாள்.

"கண்ணாடியப் போடுண்ணா."

அவன் போட்டுக்கொண்டான். ஜன்னலும் கோப்பையும் அவள் முகமும் கலங்கின. அவள் நூல் நுனியை மறுபடி நாக்கில் நனைத்து, ஊசியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.